நாய்ஸ் = நொய்? ஓர் ஆறுமணிக்குருவிப் படத்தை வைத்து ஒரு பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒளிப்படத் திருத்த மென்பொருள்களின் கருவிப் பெயர்களைத் தமிழாக்குவது பற்றி மூன்று நாளாக ஓடிக்கொண்டிருக்கும் இழையில் தாமதமாகச் சேர்கிறேன். மடல் கொஞ்சம் நீளும். மங்கிய வெளிச்சத்தில் எடுத்த படத்தில் பொடிப்பொடியாகத் தெரியும் புள்ளிகளை ஆங்கிலத்தில் நாய்ஸ் என்பார்கள், அந்தச் சொல்லுக்கு இதுவரை இரைச்சல், மாசு, பிசிறு, குருணை என்று நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. நான் ஐந்தாவதாக நொய் என்ற சொல்லை வைக்கிறேன். அரிசி நொய்தான், நொய்க்கஞ்சி காய்ச்சுவோமே அதே நொய்.

இந்தச் சொல் எனக்கு எந்த இடத்தில் தட்டுப்பட்டது என்று சொன்னால் காரணமும் விளங்கும். போன ஐப்பசியில் எங்கள் தெருக்கோடித் தோப்பில் ஓர் ஆறுமணிக்குருவி வந்திறங்கியது. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வரும் பறவை, விடியலிலும் அந்தியிலும் மங்கிய வெளிச்சத்தில் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். தரையில் சருகைக் கிளறித்தான் இரை தேடும், அதுவும் மரநிழலில். கேமராவுக்கு இதைவிடச் சோதனை வேண்டாம். 300 மிமீ லென்ஸ், எஃப் 5.6, 1/160 விநாடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 6400 என்று வைத்தும் படம் இருட்டாகத்தான் வந்தது. வீட்டுக்கு வந்து டார்க்டேபிள் என்ற ஒளிப்படத் திருத்த மென்பொருளில் ரா கோப்பை, அதாவது கேமரா பதிந்த மூலக் கோப்பைத் திறந்து வெளிச்சத்தை ஏற்றினேன். வெள்ளைத் தொண்டை சுத்தமாக இருந்தது, வயிற்றுச் சிவப்பும் பரவாயில்லை. கண்ணை ஒட்டி ஓடும் அந்தக் கறுப்புப் பட்டையில்தான் சிவப்பும் பச்சையும் ஊதாவுமாகப் பொடிப்பொடியாக ஏதோ நிறைந்து கிடந்தது. காலடிச் சருகின் நிழலிலும் அப்படியே. முறத்தில் அரிசியைச் சாய்த்தால் ஓரத்தில் சேருமே, அந்த நொய்தான் சட்டென்று நினைவுக்கு வந்தது.

பார்ப்பதற்கு அப்படி இருக்கிறது என்பதற்காக மட்டும் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. பொடிப்பொடியாக இருப்பதற்கு மணல், தவிடு, குருணை என்று எத்தனையோ சொல் இருக்கிறது. நாய்ஸ் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் நொய் இன்னும் நன்றாகப் பொருந்துகிறது, எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். வெளிச்சம் ஒரே சீராக ஓடிவரும் நீர் அல்ல, அது ஒளித்துகள்களாக வருகிறது, மழைத்துளி விழுவது போல முன்பின்னாக வருகிறது. ஒரே அளவு வெளிச்சம் படும் இரண்டு பக்கத்துப் பக்கத்துப் படப்புள்ளிகளில்கூட எண்ணிக்கை சமமாக இருக்காது. சராசரியாக 10,000 ஒளித்துகள் சேரும் புள்ளியில் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 100, அதாவது நூற்றில் ஒரு பங்கு, கண்ணுக்குத் தெரியாது. 100 மட்டுமே சேரும் புள்ளியில் ஏற்ற இறக்கம் 10, அதாவது பத்தில் ஒரு பங்கு. அது கண்ணை உறுத்தும். குருவியின் தொண்டை சுத்தமாகவும் கண்பட்டை பொடியாகவும் இருந்ததற்கு இதுதான் காரணம். கேமராவின் மின்சுற்று தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பெரும்பகுதி வெளிச்சத்துக்குள்ளேயே இருக்கிற சீரின்மை.

இதனால்தான் மாசு என்ற பரிந்துரையை ஏற்க எனக்கு மனமில்லை. மாசு என்றால் வெளியிலிருந்து வந்து ஒட்டியது. கேமராவுக்குள் வெளிச்சத்தை வாங்கும் உணரியில் தூசு ஒட்டிப் படத்தில் கறுப்பு வட்டமாகத் தெரிவது உண்டு, மாசு என்ற சொல் அதற்கு வேண்டும், அதை நீக்க மென்பொருளில் தனிக் கருவியே இருக்கிறது. நொய் வெளியிலிருந்து வந்ததல்ல. நொய்யும் அரிசிதான், உடைந்த அரிசி. நாய்ஸும் வெளிச்சம்தான், போதாமல் வந்த வெளிச்சம்.

இரைச்சலுக்கு வருகிறேன். பாடப்புத்தகங்களில் இருக்கிறது, சைகைச் செயலாக்கத்தில் (சிக்னல் பிராசசிங்) வேரூன்றிவிட்டது, அதை மாற்றாதீர்கள் என்று இழையில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார்கள். மின்னணுவியல் நூலில் அதை யாரும் தொட வேண்டாம், நானும் அங்கே இரைச்சல் என்றுதான் எழுதுவேன். ஆனால் நாம் இப்போது மொழிபெயர்ப்பது கருவிப்பட்டியலை. பறவைப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவர் இரைச்சல் குறைப்பு என்பதைப் பார்த்தால் ஒலியைத்தான் நினைப்பார். காணொளித் திருத்தத்தில் சிக்கல் இன்னும் மோசம், ஒரே சாளரத்தில் ஒலிக்கு ஒரு நாய்ஸ், படத்துக்கு ஒரு நாய்ஸ். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதற்காக நாமும் ஒரே சொல்லோடு நிற்க வேண்டிய கட்டாயம் என்ன? காதில் விழுவது இரைச்சல், கண்ணில் படுவது நொய். பிரித்துவிட்டால் இருவருக்கும் நிம்மதி.

பிசிறு எனக்கு மிகவும் பிடித்த சொல். பிசிறில்லாமல் பாடினார் என்கிறோம், துணியோரப் பிசிறு என்கிறோம். முதலில் நானும் அதற்குத்தான் கை தூக்கியிருப்பேன். பறவைப் படம் என்று வரும்போதுதான் இடிக்கிறது. இறகைக் கிட்டத்தில் பாருங்கள், நடுத்தண்டிலிருந்து இரண்டு பக்கமும் மெல்லிய இழைகள் கிளம்பிப் பிசிறுபிசிறாகத்தான் நிற்கின்றன. நாம் மணிக்கணக்கில் உட்கார்ந்து காப்பாற்ற நினைப்பதே அந்தப் பிசிறைத்தான். பிசிறு நீக்கு என்று பொத்தானில் எழுதி வைத்தால் பறவைப் படக்காரர் பயந்துபோவார். கிளையோரத்திலும் இறகோரத்திலும் ஊதாக் கோடு விழுமே, லென்ஸின் குறை, அதற்கு நிறப்பிசிறு என்று வைத்துக்கொள்ளலாம்.

குருணையை நான் தள்ளவில்லை, வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்கிறேன். படச்சுருள் காலத்துப் படங்களில் தெரியும் பொடிமணித் தோற்றமான கிரெயின் இருக்கிறதே, அதற்கு. இப்போதும் சிலர் பழைய தோற்றத்துக்காக அதை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள், டார்க்டேபிளில் அதற்குத் தனிக் கூறே இருக்கிறது. ஒரே மென்பொருளில் ஒன்றைச் சேர்க்கவும் இன்னொன்றை எடுக்கவும் கருவி இருக்கும்போது இரண்டு பெயர் இல்லாமல் முடியாது.

சரி, வினைச்சொல்லுக்கு வருவோம். எனக்குக் கொஞ்சம் தடுமாற்றம் இருந்த இடம் இது. நொய்யை அரிசியிலிருந்து பிரிக்க முறத்தில் போட்டுக் கொழிப்பார்கள், ஆகவே நொய் கொழித்தல் என்று எழுதி வைத்திருந்தேன். எழுதிவிட்டு இரண்டு நாள் கழித்துப் படித்தபோது பகீரென்றது. செல்வம் கொழிக்கிறது என்பதும் இதே சொல்தான். நொய் கொழிப்பு என்றால் நொய் பெருகிக் கிடக்கிறது என்றுதான் பாதிப் பேர் படிப்பார்கள், நேரெதிர்ப் பொருள். அதை விட்டுவிட்டேன். புடைத்தல் சரிவரவில்லை, அது உமியையும் பதரையும் காற்றில் விடுவது. எனக்கு இப்போது மனத்தில் நிற்பது தெள்ளுதல். மாவைத் தெள்ளுவது என்றால் முறத்தில் அலைத்து நுண்ணியதையும் பருத்ததையும் பிரிப்பது. தெள்ளிய நீர், தெளிவு என்று அதே குடும்பத்துச் சொற்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. நொய் தெள்ளு என்றால் செய்யும் வேலையும் சொல்லில் வருகிறது, கிடைக்கப்போகும் பலனும் வருகிறது. நொய் நீக்கு என்பதற்கு இதனால்தான் என் ஆதரவு குறைவு. முழுக்க நீக்கிவிடலாம் என்று அது ஆசை காட்டுகிறது, நடக்காத காரியம்.

முறம் பிடித்தவர்களுக்குத் தெரியும், கை கொஞ்சம் கூடுதலாக அலைந்தால் நொய்யோடு நல்ல அரிசியும் போய்விடும். என் குருவிப் படத்தில் அதுதான் நடந்தது. முதல் தடவை ஆசைப்பட்டு நொய்யைக் குறைக்கும் அளவைக் கடைசி வரை இழுத்தேன். கண்பட்டை பளிச்சென்று ஆனது, ஆனால் உச்சந்தலையின் வைக்கோல் நிற இறகு முழுக்க மெழுகு பூசியது போல வழவழப்பாகிவிட்டது, கண்ணுக்கு மேலே ஓடும் மெல்லிய வெள்ளைக் கோடு கறுப்புக்குள் கரைந்தது. பொம்மைக் கடையில் வாங்கிய குருவி மாதிரி. எல்லாவற்றையும் திரும்ப எடுத்துவிட்டு நிற நொய்யை, அதாவது நிறம் மாறித் தெரியும் பொடிகளை மட்டும் முதலில் தெள்ளினேன். அதைத் தாராளமாகச் செய்யலாம், நுண்ணிய நிற வேறுபாட்டை நம் கண் அவ்வளவு கவனிப்பதில்லை. வெளிச்சம் கூடியும் குறைந்தும் தெரியும் வெளிச்ச நொய்யில் கை வைக்கும்போதுதான் நிதானம் வேண்டும், இறகின் இழைகளும் அதே அளவில்தான் இருக்கின்றன, கணினிக்கு இரண்டையும் பிரித்தறிவது கடினம். பின்னணிச் சருகில் நன்றாகவும் குருவியின் மேல் லேசாகவும் தெள்ளினேன், அப்புறம்தான் கூர்மையாக்கினேன், அதுவும் கண், அலகு, சிறகு மட்டும். வரிசையை மாற்றிக் கூர்மையாக்கிவிட்டுத் தெள்ளப் போனால் நொய் ஒவ்வொன்றும் கூர்தீட்டிக்கொண்டு நிற்கும். கண்பட்டையில் இன்னும் கொஞ்சம் நொய் இருக்கத்தான் செய்கிறது. இருக்கட்டும், குருவி உயிரோடு இருக்கிறது.

எதிர்ப்பு வரக்கூடிய இரண்டு இடங்களையும் சொல்லிவிடுகிறேன். நொய் அடுப்படிச் சொல், கலைச்சொல்லுக்குரிய கம்பீரம் இல்லை என்று சிலருக்குத் தோன்றலாம். நாம் படம் எடுக்கும் பறவைகளின் பெயரையே பாருங்களேன்: கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், தையல்சிட்டு, வாலாட்டி. கையில் புழங்கிய பொருளிலிருந்தும் கண்ணில் பட்ட செய்கையிலிருந்தும் பெயர் வைத்தார்கள், அந்தப் பெயரைச் சொன்னதும் பறவை கண்முன் வந்து நிற்கிறது. வேடந்தாங்கலில் ஒரு பிள்ளைக்குக் கரண்டிவாயனைக் காட்டிப் பாருங்கள், விளக்கமே தேவைப்படாது. அந்த வழியில் போவதில் கம்பீரக் குறைவு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று, நொய்நொய்யென்று நச்சரிக்காதே என்ற பேச்சு வழக்கு நினைவுக்கு வந்து சிரிப்பார்கள் என்பது. வரட்டுமே, கண்ணை நச்சரிப்பதுதானே இதுவும். ஒரு வேண்டுகோள் மட்டும்: நாய்ஸ், நொய் என்ற ஒலி ஒற்றுமை தற்செயல். மனத்தில் பதிய உதவும் என்ற அளவில் நல்லது, இரண்டுக்கும் ஒரே வேர் என்று யாரும் எங்கும் எழுதிவிடாதீர்கள். பிறகு சொல்லின் மதிப்பே போய்விடும்.

புணர்ச்சியில் தொல்லை இல்லை: நொய்யை, நொய்யால், நொய்யளவு, நொய்யற்ற. பன்மை தேவைப்படாது, அரிசி போல அதுவும் குவியல் பெயர். கிம்ப் என்ற இன்னொரு படத்திருத்த மென்பொருளில் இது எப்படி நிற்கிறது என்று போட்டுப் பார்த்தேன். வடிப்பான்களுக்குள் நாய்ஸ் என்ற பட்டியலில் இருப்பவை நாய்ஸைச் சேர்ப்பவை, அதற்கு நொய் சேர். குறைப்பது மேம்படுத்து பட்டியலில் இருக்கிறது, அதற்கு நொய் தெள்ளு. இரண்டும் வேறு வேறு வேலை என்பது தமிழில் உடனே தெரிகிறது, ஆங்கிலப் பட்டியலில்கூட அது இவ்வளவு வெளிப்படையாக இல்லை. டார்க்டேபிளில் கேமரா மாடலுக்கும் ஐஎஸ்ஓவுக்கும் ஏற்ப முன்கூட்டி அளந்து வைத்த கணக்கைக் கொண்டு குறைக்கும் கூறு ஒன்று உண்டு. அதற்கு அளவறி நொய் தெள்ளல் என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன், எனக்கே முழு நிறைவில்லை, நல்லதாக யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள்.

இலங்கை நண்பர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் பக்கம் உடைந்த அரிசிக்குக் குறுணல் என்று பேச்சில் கேட்டிருக்கிறேன். நொய் என்று மட்டும் எழுதினால் உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பிடிபடுமா? அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் மொழிபெயர்ப்புக் கோப்பில் ஏற்றுவேன்.