பலெர்மோ வீட்டு முற்றத்துக்கு என்ன செடி வைக்கலாம்?

வணக்கம் உறவுகளே. இத்தாலியின் பலெர்மோ நகரில் எங்கள் வீட்டுப் பின்முற்றம் 4 மீட்டருக்கு 6 மீட்டர். பழைய இத்தாலியத் தோட்டம் போல நடுவில் சரளைக்கல் பாதை, இருபக்கமும் கத்தரித்த குட்டைச் செடிவேலி, மூலைகளில் மண் பூச்சாடியில் எலுமிச்சை என்று ஆசை. எலுமிச்சை வாங்கிவிட்டேன். இலையைக் கசக்கினால் அப்படியே ஊர்த் தேசிமர வாசம்!

வேலிக்குத்தான் குழப்பம். வழக்கமாக வேலிக்கு வைக்கும் பாக்ஸ்வுட் புதரைப் புழு மொட்டையடித்துவிடுகிறது. பக்கத்து வீட்டில் வெறும் குச்சிதான் மிச்சம். அதனால் மிர்ட்டில் வைக்கலாமா, ரோஸ்மேரியா (இரண்டும் வாசமுள்ள, பசுமை மாறாப் புதர்கள்) என்று யோசிக்கிறேன். இரண்டும் இங்கத்தைய கோடை வறட்சியைத் தாங்கும். ஆனால் மிர்ட்டிலை 40 சென்டிமீட்டர் உயரத்திலேயே அடர்த்தியாக வைத்திருக்க முடியுமா? எவ்வளவு இடைவெளி விட்டு நட வேண்டும்?

அப்புறம், சைப்ரஸ் 20 மீட்டருக்கு மேலும் வளரும் என்பதால் விட்டுவிட்டேன். அதுபோல ஒல்லியாக நிமிர்ந்து நிற்கும் சின்ன மரம் ஏதாவது இருக்கிறதா? வளர்த்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். நவம்பர் மழைக்கு முன் நட்டுவிட வேண்டும்.