ஏஜென்ட் விசிட் விசாவில் அனுப்புகிறேன் என்கிறார், ஏர்போர்ட்டில் விடுவார்களா? (அவசரம்)

மன்னை_மைந்தன்
அனைவருக்கும் வணக்கம். வெளிநாட்டு வேலைக்காக ஏஜென்ட் மூலம் இன்டர்வியூ முடித்து, பணமும் கட்டிவிட்டேன். எம்ப்ளாய்மென்ட் விசா வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், இப்போது முதலில் விசிட் விசாவில் போய்விட்டு அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். வரும் வியாழக்கிழமை திருச்சியிலிருந்து டிக்கெட். யாராவது கேட்டால் சுற்றிப்பார்க்கப் போவதாகச் சொல்ல வேண்டுமாம். என் பாஸ்போர்ட்டைப் பார்த்த எங்கள் தெரு அண்ணன் ஒருவர், இதை வைத்துக்கொண்டு போனால் இமிகிரேஷனில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை
தம்பி, எந்த நாடு, என்ன வேலை, பாஸ்போர்ட் இசிஆரா (சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி தேவைப்படும் வகை) இல்லையா, எதுவரை படித்திருக்கிறீர்கள், எவ்வளவு பணம் கட்டினீர்கள் என்ற விவரங்களில் ஒன்றையும் நீங்கள் எழுதவில்லை. இவை தெரியாமல் யார் பதில் சொன்னாலும் அது குருட்டாம்போக்கில் சொல்வதாகத்தான் இருக்கும்.

ஒற்றைப்பெயர்
இது நிச்சயமாகப் பெயர்ப் பிரச்சினைதான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தைக் காலியாக விட்டுவிட்டு ஒரே ஒரு பெயரை மட்டும் போட்டிருப்பீர்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து அப்படிப்பட்டவர்களை விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பிறகு தந்தை பெயர் பாஸ்போர்ட்டில் இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். இன்ஷியல் வைத்தே பழகிய நம் ஊர்க்காரர்கள் பலர் இதில்தான் மாட்டுகிறார்கள்.

வளைகுடா_வாத்தியார் (மூத்த உறுப்பினர்)
இதே கேள்வியை மாதம் தவறாமல் யாராவது ஒருவர் கேட்கிறார், நானும் சலிக்காமல் பதில் எழுதுகிறேன். பணத்தைக் கட்டுவதற்கு முன் படிக்க வேண்டியதை டிக்கெட் கைக்கு வந்த பிறகு படிக்க வருவதுதான் நம்மவர்களின் வழக்கம். 1983ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் (எமிகிரேஷன் ஆக்ட்) என்று ஒன்று இருக்கிறது. அதை ஒருமுறையேனும் புரட்டிப் பாருங்கள் என்பதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

மன்னை_மைந்தன்
நாடு துபாய். வெல்டர் வேலை. பெயரில் பிரச்சினை இல்லை, தந்தை பெயர் இருக்கிறது. கட்டியது ஒன்றே முக்கால் லட்சம்.

கணக்குப்பிள்ளை
இசிஆர் பற்றியும் படிப்பு பற்றியும் இன்னும் சொல்லவில்லை. அதுதான் இங்கே முக்கியமான கேள்வி. பாஸ்போர்ட்டில் "எமிகிரேஷன் செக் ரிக்வயர்டு" என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தால் அது இசிஆர். எதுவும் அச்சாகாமல் இருந்தால் இசிஎன்ஆர், அதாவது அந்த அனுமதி தேவைப்படாத வகை; பத்தாவது தேறியவர்களுக்கு அது கிடைக்கும். இசிஎன்ஆர் என்று தனியாக முத்திரை இருக்கும் என்று பலர் தேடுகிறார்கள். இப்போதெல்லாம் அப்படி ஒன்றும் குத்துவதில்லை.

இசிஆர் பாஸ்போர்ட்காரர் அமீரகம், சவுதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்காகப் போகும்போது குடியேற்றப் பாதுகாப்பு அலுவலரின் (இதற்கான மத்திய அரசு அதிகாரி) அனுமதி, அதாவது எமிகிரேஷன் அனுமதி, வேண்டும். மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் ஏஜென்டும் கம்பெனியும் சம்பளத்தையும் ஒப்பந்தத்தையும் ஏற்றிய பிறகே அது கிடைக்கும். விசிட் விசாவில் போனால் இந்தப் படி முழுவதையும் தாண்டிவிடலாம் என்பதுதான் உங்கள் ஏஜென்டின் கணக்கு. உண்மையாகவே உறவினரைப் பார்க்கப் போகும் இசிஆர்காரரை யாரும் தடுப்பதில்லை. ஆனால் கையில் வெல்டிங் சான்றிதழும் இன்டர்வியூ கடிதமும் வைத்துக்கொண்டு சுற்றுலா போகிறேன் என்று சொல்பவரை இமிகிரேஷனில் நிறுத்தத்தான் செய்வார்கள்.

ஷார்ஜா_சேகர்
பயமுறுத்தாதீர்கள் அண்ணே. விசிட்டில் வந்து, நாட்டைவிட்டு வெளியே போகாமலேயே வேலை விசாவுக்கு மாறுவதற்கு அமீரகச் சட்டத்தில் இடமுண்டு. என்னுடன் தங்கியிருப்பவர்களில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான். கம்பெனி நல்ல கம்பெனியாக இருந்தால் ஒரு தொந்தரவும் இல்லை.

கணக்குப்பிள்ளை
மாறுவதற்கு இடமுண்டு என்பதை நான் மறுக்கவில்லை. மாறும்வரை வேலை செய்ய இடமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வேலை பெர்மிட் இல்லாமல் ஆளை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு 2024இல் திருத்திய சட்டப்படி ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் திர்ஹாம் வரை அபராதம். அந்தப் பயத்தில் கம்பெனி கையை விரித்துவிட்டால், விசிட் நாட்கள் முடிந்த பிறகு நாளொன்றுக்கு 50 திர்ஹாம் அபராதம் ஏறுவது தம்பியின் தலையில்தான். மேலும், எமிகிரேஷன் அனுமதியோடு போகிறவருக்கு 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு கிடைக்கிறது. அதற்கு இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய்தான் பிரீமியம். விசிட்டில் போகும் வெல்டருக்கு அது கிடையாது.

ஷார்ஜா_சேகர்
அந்த அனுமதிக்காகக் காத்திருந்து வேலையையே இழந்தவர்களும் இருக்கிறார்கள். பத்தாவது படித்தவனுக்குத் தேவையில்லாத பாதுகாப்பு, எட்டாவது படித்தவனுக்கு மட்டும் எதற்கு? என்னைக் கேட்டால் இசிஆர் என்பதையே எடுத்துவிட வேண்டும்.

வளைகுடா_வாத்தியார் (மூத்த உறுப்பினர்)
பாலைவன வெயிலில் சம்பளமில்லாமல் முகாமில் கிடந்தவர்களைத் தூதரகத்தில் கண்டிராதவர்கள்தான் இப்படிப் பேச முடியும். சட்டத்தை எடுத்துவிட்டு ஏஜென்ட்களின் நல்லெண்ணத்தை நம்பலாம் என்கிறாரா சேகர்?

ஷார்ஜா_சேகர்
இருக்கிற சட்டம் ஏஜென்டை என்ன செய்துவிட்டது ஐயா? லைசென்ஸ் இல்லாமல் ஆள் அனுப்பினால் இரண்டு ஆண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம் என்றுதான் எழுதியிருக்கிறது. ஒன்றே முக்கால் லட்சம் வாங்குகிறவனுக்கு 2,000 ரூபாய் ஒரு பொருட்டா?

தையல்நாயகி
இருவரும் சற்றுப் பொறுங்கள், கேட்டவர் வியாழக்கிழமை கிளம்ப வேண்டியவர். சகோதரரே, என் கணவர் அபுதாபியில் ஃபேப்ரிகேஷன் பணியில் இருக்கிறார், அவர் சொல்லி எழுதுகிறேன். உங்களிடம் உள்ள ஆஃபர் லெட்டர் கம்பெனி லெட்டர்பேடில் உள்ளதா, அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் படிவமா என்று பாருங்கள். அமைச்சகப் படிவத்துக்கு எண் இருக்கும். அதை அவர்களுடைய தளத்தில் சரிபார்க்கலாம். அரபி, ஆங்கிலத்தோடு தமிழிலும் அது கிடைக்கும் என்பதால், புரியாமல் கையெழுத்துப் போட வேண்டிய தேவையே இல்லை.

அடிப்படைச் சம்பளம் என்ற வரியையும் பாருங்கள். மொத்தம் 1,500 திர்ஹாம் என்று சொல்லிவிட்டு, அதில் அடிப்படை 600, மீதி அலவன்ஸ் என்று போட்டிருப்பார்கள். முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம்தான் பணிக்கொடை. 600 என்றால் ஆண்டுக்கு 420 திர்ஹாம், 1,200 என்றால் 840. ஓவர்டைம் கணக்கும் அடிப்படையை ஒட்டித்தான் வரும்.

மன்னை_மைந்தன்
லெட்டர்பேடில்தான் இருக்கிறது, சீல் மட்டும் உண்டு. எண் எதுவும் இல்லை. மொத்தச் சம்பளம் மட்டுமே எழுதியிருக்கிறது. பாஸ்போர்ட் இசிஆர். நான் பத்தாவது பாஸ், பிறகு ஐடிஐ. பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்த கடையில் மார்க் ஷீட் கேட்கவில்லை.

கணக்குப்பிள்ளை
முதல் கேள்வியிலேயே இதைச் சொல்லியிருந்தால் பாதித் தாள் மிச்சமாகியிருக்கும்! பத்தாவது தேறியவர் இசிஎன்ஆருக்குத் தகுதியானவர். மார்க் ஷீட்டை வைத்து மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்தால் 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய்க் கட்டணம். ஆனால் பாஸ்போர்ட் எண் மாறிவிடும். விசா பழைய எண்ணில்தான் இருக்கும். ஆகவே விசா எடுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். வியாழக்கிழமைப் பயணத்தை நிறுத்திவிட்டு இதை முதலில் முடியுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, லைசென்ஸ் உள்ள ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும், ஆக 35,400 ரூபாய். அமீரகச் சட்டமோ தொழிலாளியிடம் ஆள்சேர்ப்புச் செலவை வாங்கவே கூடாது என்கிறது. இ-மைக்ரேட் தளத்தில் ஏஜென்ட் பட்டியலில் இவர் பெயர் இருக்கிறதா, லைசென்ஸ் நடப்பில் உள்ளதா என்று பாருங்கள். பட்டியலில் உள்ள ஒருவரின் பெயரைச் சொல்லிக்கொண்டு வசூல் செய்யும் சப்-ஏஜென்டாகவும் இருக்கலாம்.

ஒற்றைப்பெயர்
புதுப் பாஸ்போர்ட் எடுக்கும்போது பெயரையும் இரண்டாகப் பிரித்துப் போட்டுவிடுங்கள். பிறகு வருந்த வேண்டியதில்லை.

வளைகுடா_வாத்தியார் (மூத்த உறுப்பினர்)
தமிழக அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை நடத்துகிறது. வெல்டர்களுக்கும் அவ்வப்போது அறிவிப்பு வரும். அதைத் தேடாமல் தெருமுனை ஏஜென்டைத் தேடுவது ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஷார்ஜா_சேகர்
அங்கே பதிவு செய்துவிட்டு அழைப்புக்காக உட்கார்ந்திருந்தால் வட்டி யார் கட்டுவது என்பதுதான் பதில் ஐயா. ஆனால் எண் இல்லாத ஆஃபர் லெட்டரோடு விசிட்டில் வாருங்கள் என்று நானும் சொல்ல மாட்டேன் தம்பி.

மன்னை_மைந்தன்
எல்லோருக்கும் நன்றி. டிக்கெட்டை நிறுத்தச் சொல்லிவிட்டேன். இணையதளத்தில் ஏஜென்ட் பெயர் இல்லை. பாதிப் பணம் திருப்பித் தருகிறேன் என்கிறார். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டேன்.

தையல்நாயகி
பாதி ஏன் சகோதரரே? பணத்தைக் கையில் கொடுத்தீர்களா, வங்கி வழியாகவா? ரசீதோ, ஜிபே விவரமோ, வாட்ஸப் உரையாடலோ எது இருந்தாலும் அழிக்காமல் வையுங்கள். சென்னையிலுள்ள குடியேற்றப் பாதுகாப்பு அலுவலரிடமும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்திலும் புகார் கொடுக்க அவைதான் வேண்டும். பாதியை வாங்கிக்கொண்டு, முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

கணக்குப்பிள்ளை
தம்பி, சகோதரி கேட்டதற்குப் பதில் எழுதுங்கள்.