5இ உச்சத்துக்கு மேலேயும் இளஞ்சிவப்பு ரூபர்

இந்தியப் பெருங்கடலில் நிலநடுக்கோட்டை ஒட்டி எடுத்த ஒரு படிவு உள்ளகத்துக்கு (கடலடியிலிருந்து குழாயாக வெட்டியெடுத்த வண்டல்) வயது போடுவதில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். குளோபிஜெரினாய்ட்ஸ் ரூபர் என்ற மிதக்கும் ஒருசெல் உயிரியின் வெள்ளை ஓடுகளில் எடுத்த ஆக்சிஜன்-18 வளைவை, உலக அளவில் வயது ஒப்பிடப் பயன்படும் எல்ஆர்04 வளைவோடு பொருத்தினால், 410 செ.மீ. ஆழத்தில் இருக்கும் உச்சம் கடல் ஐசோடோப்பு நிலை 5இ (கடந்த பனியுகத்துக்கு முந்தைய வெப்பக் காலம்), அதாவது சுமார் 1,23,000 ஆண்டுகள். 60 செ.மீ.யில் கார்பன்-14 தரும் 18,000 ஆண்டும் இதே படிவு வேகத்தைத்தான் காட்டுகிறது. சரி, இதுவரை சிக்கல் இல்லை.

ஆனால் இந்திய, பசிபிக் கடல்களில் இளஞ்சிவப்பு ரூபர் (அதே உயிரியின் இளஞ்சிவப்பு ஓட்டு வகை) சுமார் 1,20,000 ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டது. (அட்லாண்டிக்கில் இன்றும் வாழ்கிறது, அங்கே வேலை செய்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.) இங்கோ 340 செ.மீ. வரை கிடைக்கிறது. வளைவுப்படி அந்த இடத்தின் வயது ஏறக்குறைய 1,02,000.

புழுக்கள் கிளறினால் பத்து செ.மீ. போல நகரலாம், 60 செ.மீ. நம்பும்படி இல்லை. எக்ஸ்ரேயில் சரிவுப் படிவின் தடயம் எதுவும் தெரியவில்லை. கடலடித் தரையில் வாழும் சிபிசிடாய்ட்ஸ் என்ற ஒருசெல் உயிரியின் ஓடுகளை அளந்து, அந்த இனத்துக்கு வழக்கமாகச் சேர்க்கும் ஆயிரத்துக்கு 0.64 திருத்தத்தைச் சேர்த்துப் பார்த்தும் 5இ அதே ஆழத்தில்தான் விழுகிறது.

340 செ.மீ.யில் இருக்கும் இளஞ்சிவப்பு, வெள்ளை ஓடுகளை ஒவ்வொன்றாகத் தனித்தனியே அளந்தால், இளஞ்சிவப்பு ஓடுகள் பழைய படிவிலிருந்து அரித்து வந்தவையா என்று உறுதியாகச் சொல்ல முடியுமா?