இரண்டு ‘கோஸ்ட்’: ரேடார் பொய்ப்புக்குச் சில சொற்கள்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நாம் தொகுக்கும் வான்போக்குவரத்துச் சொற்பட்டியலில் ‘அன்ரிலையபிள் ரேடார்’ என்பதற்கு ‘நம்பகமற்ற ரேடார்’ என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டோம். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. பொருளில் பிழை இல்லை. ஆனால் அந்தச் சொல் ரேடாரைப் பற்றி நாம் என்ன நினைக்கிறோம் என்பதைத்தான் சொல்கிறது, திரையில் என்ன நடந்தது என்பதைச் சொல்வதில்லை.

பட்டியலில் ‘கோஸ்ட் டிராக்’ இரண்டு இடத்தில் வந்திருப்பதைக் கவனித்தீர்களா? (டிராக் என்பது திரையில் விமானம் போகும் தடம்.) ஒன்று பேய் என்ற பொருளில் வரும் கோஸ்ட் (ghost). மற்றது, மிதிக்காமலே சைக்கிள் உருண்டு போவதைச் சொல்லும் கோஸ்ட் (coast). தமிழில் எழுதினால் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். பொருளோ நேர் எதிர். முதலாவதில் திரையில் விமானம் இருக்கும், அந்த இடத்து வானில் இருக்காது. இரண்டாவதில் வானில் விமானம் இருக்கும், ரேடார் அதைப் பார்த்திருக்காது. இதை ஒலிபெயர்ப்பாகவே விட்டால் நம் பட்டியலைப் படிக்கும் மாணவர் ஒன்றை மற்றதாக எடுத்துக்கொள்வார். இங்கே தமிழ்ச்சொல் கட்டாயம் வேண்டும்.

பேய்க்கு வருவோம். இரண்டாம்நிலை ரேடார் கேள்வி அனுப்புகிறது, விமானத்தில் இருக்கும் டிரான்ஸ்பாண்டர் என்ற கருவி விமானத்தின் அடையாள எண்ணைப் பதிலாகச் சொல்கிறது. நிலையத்துக்குப் பக்கத்தில் தகரச் சுவரோடு பெரிய விமானக் கொட்டகை ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். கேள்வி அந்தச் சுவரில் பட்டுத் தெறித்து விமானத்தை அடையும், பதிலும் அதே வழியில் திரும்பும். அந்த நேரத்தில் ஆன்டெனா கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருப்பதால் திரையில் புள்ளி கொட்டகைத் திசையில் விழும். சுற்றி வந்த பாதை நீளம் என்பதால் கொஞ்சம் தள்ளியும் விழும். ஒரே எண்ணோடு இரண்டு விமானங்கள்! இதற்குப் ‘பேய்த்தடம்’ என்று ஒரு நண்பர் சொன்னார். பேயை விடப் ‘பொய்த்தடம்’ நல்லது. ஓரெழுத்துதான் வித்தியாசம், ஆனால் காரணம் தெரிகிறது.

அடுத்து, உருண்டு போகும் கோஸ்ட். நெடுந்தூர ரேடார் ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய 12 விநாடி ஆகும். 450 நாட் (மணிக்கு 450 கடல்மைல்) வேகத்தில் போகும் விமானம் அதற்குள் ஒன்றரைக் கடல்மைல் கடந்துவிடும். ஒரு சுற்றில் பதில் வராவிட்டால் கணினி புள்ளியை அழித்துவிடுவதில்லை. பழைய வேகத்தில், பழைய திசையில் தள்ளிக்கொண்டே போகும். அதற்குள் விமானி திரும்பியிருந்தால்? திரையில் மட்டும் விமானம் நேரே போய்க்கொண்டிருக்கும். ‘கணிப்புத்தடம்’ என்ற பரிந்துரையை நான் ஏற்கவில்லை. பதில் ஒழுங்காக வரும்போதும் கணினி அடுத்த இடத்தைக் கணித்துக்கொண்டுதான் இருக்கிறது, கணிப்பு என்ற சொல் அதற்கு வேண்டும். பதிலே வராமல் ஓடுவதை ‘ஊகத்தடம்’ என்போம்.

சரி, இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக என்ன சொல்வது? ‘ரேடார் பொய்ப்பு’ என்பது என் பரிந்துரை. பொய் என்றால் ஏமாற்றும் எண்ணம் இருக்க வேண்டுமே, கருவிக்கு ஏது எண்ணம் என்று சிலர் கேட்டிருந்தார்கள். மழை பொய்த்தது என்கிறோம், விளைச்சல் பொய்த்தது என்கிறோம். மழைக்கு என்ன எண்ணம் இருந்தது? நம்பியிருந்தது நம்பியபடி நடக்கவில்லை என்பதுதான் பொருள். வர வேண்டியது வராமல் போனதற்கும், வந்தது மெய்யாக இல்லாததற்கும் ஒரே வினை பொருந்துகிறது. ‘பழுது’ என்ற சொல்லில் இது இல்லை. பழுதான கருவியை அணைத்துவிடலாம். பொய்க்கும் கருவி இயங்கிக்கொண்டே இருக்கும், வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரி அதைப் பார்த்துத்தான் அடுத்த விமானத்துக்கு உயரம் கொடுப்பார்.

ஒன்றை மட்டும் பிரித்து வைக்க வேண்டும். 2025 ஏப்ரல் 28 அன்று அமெரிக்காவின் நூவர்க் விமான நிலையத்துக்கு வரும் போகும் விமானங்களைக் கவனித்த பிலடெல்பியா மையத்தில் சுமார் 90 விநாடி ரேடார் திரை இருண்டது. வானொலித் தொடர்பும் போனது. மே 9 விடிகாலையில் மறுபடி அதே கதை. இதை ‘ரேடார் பழுது’ என்று எழுதினால் சுழலும் ஆன்டெனா நின்றுவிட்டது என்றே வாசகர் நினைப்பார். நடந்தது அதுவல்ல. அந்த வான்பரப்பின் பொறுப்பை 2024 ஜூலையில் நியூயார்க்கிலிருந்து பிலடெல்பியாவுக்கு மாற்றியிருந்தார்கள், தரவு நியூயார்க்கிலிருந்து தொலைத்தொடர்பு இணைப்புகள் வழியாகவே வந்துகொண்டிருந்தது. அறுந்தது அந்த வழி. 250 நாட்டில் இறங்கும் விமானம் 90 விநாடியில் ஆறு கடல்மைலுக்கு மேல் போயிருக்கும்.

குளம் வறண்டு கிடந்தால் மழை பொய்த்ததா, வரத்துக்கால் தூர்ந்ததா என்று ஊரில் முதலில் கேட்பார்கள். இரண்டுக்கும் மராமத்து வேறு. அதே சொல்லை இங்கே எடுத்துக்கொள்ளலாம்: தரவு வந்து சேர்வது ‘தரவு வரத்து’, அது நின்றுபோவது ‘வரத்து முறிவு’. பழைய செப்புக் கம்பிகளை மாற்றி ஒளியிழை போடுவதாக அங்கே அறிவித்தார்கள். அது வரத்துக்கால் வேலை.

2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே வானில் இரண்டு விமானங்கள் மோதி 71 பேர் இறந்தார்கள். அந்த வான்பரப்பைக் கவனித்த சூரிக் மையத்தில் பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. திரை இருந்தது, புள்ளிகள் இருந்தன, ஆனால் மோதல் வருவதைத் திரையில் காட்டும் எச்சரிக்கை கிடைக்கவில்லை. இது பொய்ப்பும் இல்லை, வரத்து முறிவும் இல்லை. ‘குறைநிலை இயக்கம்’ என்று தனிப்பதிவாகவே போட வேண்டும்.

மீதி இருப்பது ‘கார்பிள்’. பக்கத்துப் பக்கத்து விமானங்கள் இரண்டின் பதில்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, எண்கள் கலந்துபோவது. ஒரு பதிலின் நீளமே சுமார் 20 மைக்ரோவிநாடிதான், அதற்குள் இரண்டும் மோதிக்கொள்கின்றன. ‘குழறல்’ என்று எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் குழறல் ஒருவர் வாயில் நடப்பது. இருவர் ஒரே நேரத்தில் பேசி இருவர் சொன்னதும் புரியாமல் போவதற்கு உங்கள் வட்டாரத்தில் ஏதாவது சொல் புழங்கினால் எழுதுங்கள். அது கிடைக்கும் வரை அந்தப் பதிவை முடிக்காமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்