ஒரு சொடுக்குக்கு மூன்று குறிப்பு: பாபநாசம் அணை வரைபடத்தில் சிக்கல்

அம்பாசமுத்திரத்தான்:
பாபநாசம் அணையின் நீர்மட்டத்தை நாளிதழில் பார்த்து ஐந்து வருடமாகக் குறித்து வருகிறேன். கார் சாகுபடிக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று நச்சரிக்கும் அப்பாவுக்குக் காட்ட, பைத்தானில், படம் வரையும் மேட்பிளாட்லிப் நூலகத்தை வைத்து வரைபடம் செய்தேன். அணையின் முழுக் கொள்ளளவு மட்டமான 143 அடியில் சிவப்புக் கோடு, கீழே வருடத்தை மாற்றப் பொத்தான். கோட்டைச் சொடுக்கினால் அன்றைய மட்டம் எழுத்தில் வர வேண்டும்.

முதல் வருடத்தில் ஒழுங்காக வருகிறது. அடுத்த வருடத்தில் ஒரு சொடுக்குக்கு இரண்டு குறிப்பு, அதற்கடுத்து மூன்று. 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு வருவதற்குள் எழுத்தின் மேல் எழுத்து விழுந்து கரியாகிவிடுகிறது. அவற்றில் ஒன்று முந்தைய வருடத்தின் அடியைக் காட்டுகிறது! ஒவ்வொரு முறையும் அச்சை, அதாவது கோடு வரையும் கட்டத்தை, 'கிளியர்' செய்துவிட்டுத்தான் வரைகிறேன்.

பேட்டைக்காரர்:
எல்லாவற்றையும் மூடிவிட்டு மறுபடி திறந்து பாருங்கள்.

அம்பாசமுத்திரத்தான்:
மூன்று முறை செய்தாயிற்று அண்ணாச்சி. பொத்தானை அழுத்தியதும் பழைய கதைதான்.

கல்லிடை அண்ணாச்சி:
தம்பி, சொடுக்கைக் கவனிக்கும் ஃபங்ஷனை வரையும் ஃபங்ஷனுக்கு உள்ளேயே எழுதியிருக்கிறீர்களா?

அம்பாசமுத்திரத்தான்:
ஆமாம். அதைச் சொடுக்கோடு இணைக்கும் எம்பிஎல் கனெக்ட் வரியும் அங்கேதான் இருக்கிறது.

கல்லிடை அண்ணாச்சி:
அதுதான் கோளாறு. அச்சைத் துடைத்தால் கோடும் எழுத்தும்தான் போகும். சொடுக்கைக் கவனிக்கும் ஃபங்ஷன்கள், அதாவது கவனிப்பான்கள், அச்சைத் தாங்கும் கேன்வாஸில் பதிந்தவை, அவை அப்படியே இருக்கும். ஒரே ஃபங்ஷனை இரண்டு முறை இணைத்தால் மேட்பிளாட்லிப் அதை ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். உங்களுடையதோ ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறக்கிறது. பழையது பழைய வருடத்தின் பட்டியலையும் இடுப்பில் முடிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது.

கனெக்ட் ஓர் எண்ணைத் திருப்பித் தரும். அதைச் சேமித்து வைத்து, அடுத்த முறை வரையும் முன், இணைப்பை அறுக்கும் எம்பிஎல் டிஸ்கனெக்ட்டுக்குக் கொடுங்கள். என்னைக் கேட்டால், வெளியே ஒரே ஃபங்ஷன் வைத்து ஒரே முறை இணைத்து, வருடத்தை மட்டும் மாற்றுவதே சுத்தம்.

அம்பாசமுத்திரத்தான்:
தரவையும் ஃபங்ஷனையும் ஒன்றாகக் கட்டிவைக்கும் கிளாஸாக மாற்றி எழுதினேன். இப்போது சொடுக்கினால் ஒன்றுமே வரவில்லை; பிழைச் செய்தியும் இல்லை.

கல்லிடை அண்ணாச்சி:
கிளாஸிலிருந்து உருவாக்கிய பொருளைப் பெயரில்லாமல் விட்டிருப்பீர்கள். சாதாரண ஃபங்ஷனை மேட்பிளாட்லிப் இறுகப் பிடித்துக்கொள்ளும்; ஒரு பொருளின் மெத்தடை, அதாவது அதற்குச் சொந்தமான ஃபங்ஷனை, அப்படிப் பிடிக்காது. அந்தப் பொருளை வேறு யாரும் வைத்திருக்காவிட்டால் பைத்தான் அதைக் கூட்டித் தள்ளிவிடும், கவனிப்பானும் சத்தமில்லாமல் போய்விடும். ஒரு மாறியில் போட்டு வையுங்கள். பொத்தானுக்கும் இதே விதிதான்.

அம்பாசமுத்திரத்தான்:
வந்துவிட்டது அண்ணாச்சி! ஒரு சொடுக்கு, ஒரு குறிப்பு. ஆனால் வருடப் பொத்தானை அழுத்தினாலும் எங்கோ ஒரு குறிப்பு விழுகிறது.

கல்லிடை அண்ணாச்சி:
பொத்தானும் தனக்கென ஓர் அச்சில் உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல் சொடுக்கினாலும் உங்கள் ஃபங்ஷன் ஓடும். எந்த அச்சில் சொடுக்கினார்கள் என்று சொல்லும் இன்ஆக்ஸஸ் உங்கள் வரைபட அச்சு இல்லையென்றால் முதல் வரியிலேயே திரும்பிவிடச் சொல்லுங்கள். ஓரத்து வெள்ளையில் சொடுக்கினால், சொடுக்கிய இடத்தைச் சொல்லும் எக்ஸ்டேட்டா 'நன்' (None, மதிப்பு இல்லை) என்று வந்து பிழை காட்டுமே, அதுவும் இதிலேயே அடங்கிவிடும்.

அம்பாசமுத்திரத்தான்:
சரியாகிவிட்டது. அப்பா இப்போது மணிமுத்தாறு அணையின் வரைபடம் எங்கே என்று கேட்கிறார்.