சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வரும் அடுக்ககத்துக்குத் தெருவைப் பார்த்த முகம் வேண்டாமா?

செவ்வாய்ப்பேட்டைவாசி:
எங்கள் தெருவில் அடுத்தடுத்து இருந்த மூன்று ஓட்டு வீடுகளை ஒரே மனையாகச் சேர்த்து, ஐந்து மாடி அடுக்ககம் கட்டப் போகிறார்கள். விற்பனைத் தாளில் படத்தைப் பார்த்தேன். தரைத்தளம் முழுவதும் கார் நிறுத்தம், தெருவோரம் ஆளுயர மதில், மேலே சாம்பல் நிறத் தகடு ஒட்டிய சுவர், வரிசையாக ஒரே அளவுச் சன்னல்கள். இதே படத்தை எந்த ஊர்ப் புறவழிச்சாலையில் வைத்தாலும் வேறுபாடு தெரியாது.

இடிக்கப்பட இருக்கும் நடு வீட்டுத் திண்ணையின் ஓரக் கருங்கல், ஆட்கள் உட்கார்ந்து எழுந்தே நடுவில் ஒரு விரற்கடை தேய்ந்திருக்கிறது. ஆடித் திருவிழாவில் வண்டி வேடிக்கை, அதாவது வேடமிட்டவர்களோடு அலங்கார வண்டிகளின் ஊர்வலம், வரும் இரவில், யார் வீடு என்று பாராமல் அந்தத் திண்ணையில்தான் நாங்கள் இடம் பிடிப்போம். மற்ற நாட்களில் கொலுசுப் பட்டறைக்கு வேலைக்குப் போகிறவர்கள் அங்கே உட்கார்ந்துதான் தேநீர் குடிப்பார்கள். மாடி கட்டுவதை நான் எதிர்க்கவில்லை. தெருவோடு சேரும் முகப்பையாவது வேறு விதமாக அமைக்கும்படி கேட்கச் சட்டத்தில் இடம் உண்டா?

ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்:
ஐயா, நேரடியான இடம் இல்லை என்பதே உண்மை. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019, உயரத்தையும் பரப்பையும் சுற்றிலும் விட வேண்டிய காலியிடத்தையும் கார் நிறுத்தத்தையும்தான் அளக்கின்றன. 18.30 மீட்டர் வரை உயரமுள்ள கட்டடம் உயர்மாடிக் கட்டடம் ஆகாது. அதற்குத் தளப்பரப்புக் குறியீடு 2, அதாவது மனையின் பரப்பைப்போல் இரண்டு மடங்கு கட்டலாம். தூண்களின் மேல் கட்டடத்தை நிறுத்திக் கீழே கார் விட்டால் அந்தப் பரப்பு கணக்கில் சேராது. எனவேதான் தரைத்தளம் மனிதர்களிடமிருந்து கார்களுக்குப் போய்விடுகிறது. சன்னல்கள் ஒன்றுபோல் இருப்பதற்குக் காரணம், கான்கிரீட் வார்க்க அடிக்கும் ஒரே சென்ட்ரிங் பலகையை மாடிக்கு மாடி பயன்படுத்தினால் செலவு குறையும் என்பதுதான். 2012ஆம் ஆண்டின் பாரம்பரிய ஆணையச் சட்டமும், பட்டியலில் சேராத சாதாரண வீடுகளுக்குத் துணை வராது.

ஆனால் ஆளுயர மதிலை எந்த விதியும் கட்டாயமாக்கவில்லை. மதிலையே இரண்டடி உயரத்தில், ஒன்றரை அடி அகலத்தில் எழுப்பிக் கருங்கல் பாவினால் அது தெருவுக்குத் திண்ணையாகிவிடும். பூட்டும் கதவு, காவலாளி எல்லாம் படிக்கட்டு வாசலில் இருக்கட்டும். இதனால் விற்கும் பரப்பில் ஒரு சதுர அடிகூடக் குறையாது என்பதால், கட்டுபவர் காதுகொடுத்துக் கேட்பார்.

சேலம் குகைப் பகுதிப் பெண்:
நாங்களும் பூர்வீக வீட்டைக் கொடுத்தவர்கள்தான். ஏழு பங்குதாரர்கள் இருந்தோம். கூரை தாங்கும் கைமரங்களைக் கரையான் அரித்துவிட்டது. ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் ஓடு மாற்ற ஆள் தேடி அலைந்தோம். மூட்டுவலிக்காரரான என் அம்மாவுக்கு இன்று லிப்ட் இருப்பது பெரிய ஆறுதல். பழையதை அப்படியே காப்பாற்றச் சொல்கிறவர்கள் இந்தச் சிரமத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இருந்தாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் அடுக்ககத்தின் முகப்பு வழவழவென்று தெரிய வேண்டும் என்பதற்காகச் சன்னல்களுக்கு மேல் சன்ஷேடே வைக்கவில்லை. மேற்கு வெயில் பிற்பகல் இரண்டு மணியிலிருந்து நேராக உள்ளே இறங்குகிறது. இரண்டு திரை போட்டும் சுவர் இரவு பத்து மணி வரை கொதிக்கிறது. மழை பெய்தால் சன்னலைத் திறக்க முடியாது. பழைய வீட்டில் தாழ்வாரம் மூன்றடி வெளியே நீண்டிருந்ததால் மழையிலும் சன்னல் திறந்தே கிடக்கும். ஆகவே திண்ணையோடு சன்ஷேடையும் சேர்த்துக் கேளுங்கள், ஐயா. அது அழகுக்காக மட்டும் கேட்பதன்று. அந்த வீடுகளில் குடிவரப் போகிறவர்களுக்காகவும்தான்.

அம்மாபேட்டை நெசவாளர் மகன்:
எனக்கு இருக்கும் அச்சம் வேறு. பாரம்பரியம் என்று கேட்டவுடன் சிமென்டில் தூண் வார்த்து, மேலே பொன் வண்ணம் பூசி ஒட்டிவிடுவார்கள். எந்தப் பாரமும் தாங்காத அந்தத் தூணைவிட வெறும் சுவரே மேல். அதைக் கேட்காதீர்கள். இடிக்கும் முன்பே, தேய்ந்த அந்தக் கல்லையும் தேக்குத் தூண்களையும் புதிய கட்டடத்தில் பயன்படுத்தும்படி எழுத்தில் வாங்குங்கள். ஒப்பந்தக்காரர் முதல் நாளே பழைய மரம் வாங்குகிறவரிடம் தள்ளிவிட்டால், பிறகு எவ்வளவு பேசியும் பயனில்லை.

செவ்வாய்ப்பேட்டைவாசி:
மூவருக்கும் நன்றி. சகோதரி சொன்ன சன்ஷேடு என் மனத்தில் தோன்றவே இல்லை. இன்று காலை வீட்டுக்காரரின் அனுமதியோடு கல்லை அளந்தேன்: மூன்று துண்டுகள், மொத்தம் பதினோரு அடி. வாசல் வழி போக மதிலின் ஒரு பக்கத்துக்கு அது போதும். பொறியாளர் ஐயா, அந்தத் தாழ்ந்த மதிலின் குறுக்குவெட்டை ஒரு தாளில் வரைந்து இங்கே இட முடியுமா? தெருவில் இருபது வீடுகளில் கையெழுத்து வாங்கி, மனுவோடு அதையும் இணைத்துக் கட்டுபவரிடம் நேரில் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.