கடையில் பொருந்திய நிறம் வாசலில் பிரிந்த கதை: உங்கள் அனுபவம் என்ன?

வாடாமல்லிப் பட்டுக்கு மேட்சிங் பிளவுஸ் துணி தேடினோம். கடை விளக்கில் இரண்டும் ஒரே துணிபோல இருந்தன. அம்மா மட்டும் துணியை வாசலுக்கு எடுத்துப் போனார். வெயிலில் பிளவுஸ் துணி நீலம் காட்டியது. காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

—

திருப்பூரில் சாயப்பட்டறை லேபில் ஷேட் பார்ப்பது என் வேலை. உங்கள் அம்மா வாசலில் செய்ததை நாங்கள் லைட் பாக்ஸுக்குள், அதாவது பல வகை விளக்குகள் பொருத்திய பெட்டிக்குள், செய்கிறோம். பகல் வெளிச்சத்துக்கு டி65 என்ற விளக்கு, ஐரோப்பியக் கடைகளின் ட்யூப்லைட்டுக்கு டிஎல்84, பிறகு குண்டு பல்பு என ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்போம்.

துணியிலிருந்து வரும் ஒளியில் எத்தனையோ அலைநீளங்கள் கலந்திருக்கும். கண்ணில் உள்ளவை மூன்று வகைக் கூம்பு செல்கள்தான். அத்தனையையும் மூன்று கணக்காகச் சுருக்கிவிடுகின்றன. வேறு வேறு சாயக் கலவைகள் ஒரு விளக்கில் அதே மூன்று கணக்கைத் தந்தால் நமக்கு ஒரே நிறம். விளக்கை மாற்றினால் குட்டு வெளிப்படும். இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர்.

கருவியும் உண்டு, இரண்டு ஷேட்களுக்கு இடையிலான வித்தியாசத்தை எண்ணாகச் சொல்லும். ஆனால் அந்த எண்ணைக் கணக்கிடும் பழைய சூத்திரத்தில் ஒரு வம்பு: சாம்பல் நிறத்தில் கருவி ‘பாஸ்’ போட்டதைக் கண் ஒதுக்கும், அடர்பச்சையில் கருவி ஒதுக்கியதைக் கண் ஏற்கும். நிறத்துக்கு நிறம் கண்ணின் கூர்மை மாறுவதை டேவிட் மக்காடம் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1942இலேயே அளந்து காட்டினார், அதுவும் பெரும்பாலும் ஒரே ஒருவரின் கண்ணை வைத்து, சுமார் 25,000 முறை! அந்தப் புண்ணியவானின் பொறுமையை நினைத்தால் எங்கள் ஷிப்ட் ஒன்றுமே இல்லை.

இன்னொன்று, சிவப்புத் துணியையே உற்றுப் பார்த்துவிட்டு வெள்ளையைப் பார்த்தால் பச்சையடிக்கும். லைட் பாக்ஸின் உட்புறத்துக்குச் சாம்பல் பூசுவது கண்ணைக் குழப்பாமல் இருக்கத்தான்.

—

எனக்குச் சிவப்பு–பச்சைக் குறைபாடு, அம்மாவின் அப்பாவிடமிருந்து வந்தது. பச்சைக்கான கூம்பு இல்லாமல் இல்லை. அதன் உணர்திறன் சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கிறது. நிறப்பார்வையைச் சோதிக்கும் இஷிஹாரா புத்தகத்தில், எண்கள் தெரிய வேண்டிய பல பக்கங்கள் எனக்கு வெறும் புள்ளிகள். ஆனால் ஒரு கடையில் இரண்டு காக்கித் துணிகள் ஒன்றல்ல என்று சொன்னவன் நான் மட்டும்தான். வீட்டில் அனைவரும் சிரித்தார்கள். என் கூம்புகளின் கணக்கே வேறு. அவர்களுக்குப் பொருந்துவது எனக்குப் பொருந்த வேண்டியதில்லை.

—

திருப்பூர்க்காரன்தான். அந்தக் காக்கித் துணிகள் இரண்டிலும் ஒவ்வொரு துண்டு இருந்தால் அனுப்புங்கள், கருவியில் வைத்துப் பார்த்துவிடலாம்.